அன்னாசி மருமகள்

"இதுவும் அன்னாசியா?" என்று கேட்டாள் லெஹுவா.

"ஆமா ஆன்ட்டி. ஹவாய்க் கோழி," என்றபடி தட்டை மேசை நடுவில் வைத்தாள் கிரெட்சன்.

அன்னாசியை இரண்டாகப் பிளந்து, குடைந்து, அதற்குள் கோழித் துண்டுகளை நிரப்பியிருந்தாள். மேலே சிவப்பாய் ஒரு செர்ரி. பக்கத்தில் குட்டியாய் ஒரு காகிதக் குடை.

லெஹுவா காலை விமானத்தில்தான் ஹவாயின் மாவுயி தீவிலிருந்து ஹீலோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். அக்கா மோமியின் கணவர் இறந்து எட்டு மாதம். அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டு, லாவ்லாவ் செய்து எடுத்து வந்திருந்தாள். பன்றி இறைச்சியைச் சேம்பு இலையில் பொதிந்து, நாலு மணி நேரம் ஆவியில் வேகவிட்டது. கூடவே தேங்காய்ப்பாலில் செய்த ஹௌபியா இனிப்பு.

மோமி லாவ்லாவில் இரண்டு வாய் எடுத்தாள்.

"நல்லா இருக்குடி. பசிதான் இல்லை," என்று தட்டை ஓரமாய் நகர்த்திவிட்டாள்.

கிரெட்சன் தன் கோழியை மாமியார் பக்கம் தள்ளினாள். "இதைப் பாருங்கம்மா. நேத்தைவிடச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கேன்."

மோமி கண்ணை லேசாக மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தாள். அப்புறம் இன்னொரு வாய். அன்னாசி ஓடு காலியாகும்வரை நிறுத்தவில்லை.

"பிரமாதம்மா."

"இன்னும் கொஞ்சம்?"

"வை."

அடுத்து அன்னாசி கேக் வந்தது. மோமி அதிலும் இரண்டு துண்டு சாப்பிட்டாள். ஹௌபியாவை யாரும் தொடவில்லை.

சாப்பாடு முடிந்து அக்காவும் தங்கையும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். வெளியே மழை.

"ஏன்க்கா, நீ எந்தக் காலத்துலே அன்னாசி தின்னே?" லெஹுவா ஆரம்பித்தாள். "பதினேழு வருஷம் அந்த டப்பா ஆலையிலே அன்னாசி நறுக்கினே. கையுறை போட்டும் விரலெல்லாம் வெந்து கிடக்கும். வீட்டுக்கு வந்தா அந்த வாசனையே குமட்டுதுன்னு சாப்பிடாமப் படுப்பே."

"மெதுவாப் பேசுடி. உள்ளே கேட்கும்."

"எவனோ கனடாக்காரன் பீட்சா மேலே அன்னாசியைப் போட்டு ஹவாய்னு நம்ம ஊர்ப் பேரை வெச்சான். அதையும் செஞ்சு போடறாளாமே?"

"வெள்ளிக்கிழமைதோறும்."

"இந்தத் தெருவுலே ஒருத்தி பாக்கியில்லாம சிரிக்கறாளுங்க."

"சிரிக்கட்டும். பாவம்டி அவ. மினசோட்டாவுலே அப்பா அம்மாவை விட்டுட்டு நம்ம வீட்டை நம்பி வந்திருக்கா. புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு எனக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்யறா. முதல் நாள் அன்னாசியை வாயிலே வெச்சதும் என் மூஞ்சி கோணிப்போச்சு. கண்ணு கலங்கி நின்னா. அன்னிலேர்ந்து ஒரு துண்டு மிச்சம் வெக்கறதில்லை."

"ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு."

"நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லிடாதே. சொன்னே, அப்புறம் நான் உன்கூடப் பேசமாட்டேன்."

லெஹுவா தலையாட்டினாள். ஆனால் மனசில் பட்டதைச் சொல்லாமல் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. அக்கா நாற்காலியிலேயே கண்ணயர்ந்ததும் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

கிரெட்சன் நின்றபடியே, மாமியார் ஒதுக்கிய லாவ்லாவைக் கையால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். லெஹுவாவைப் பார்த்ததும் வெட்கத்தோடு விரலைத் துடைத்தாள்.

"அருமையா இருக்கு ஆன்ட்டி. இலை எப்படி வெந்திருக்கு. நான் முதல்லே செஞ்சப்போ எல்லாருக்கும் தொண்டை அரிச்சுது. மூணாவது தடவைதான் சரியா வந்தது."

"நீ லாவ்லாவ் செய்வியா?"

"ஹௌபியாவும் செய்வேன். எதிர் வீட்டு ஆன்ட்டி சொல்லிக் குடுத்தாங்க."

லெஹுவா வராந்தாப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்புறம் எதுக்கும்மா தினமும் அந்த அன்னாசி? உன் மாமியாருக்கு அன்னாசின்னாலே ஆகாது. உன்கிட்டே சொல்ல வாய் வராம முழுங்கறா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கிரெட்சன் குழாயைத் திறந்து கை கழுவினாள். முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

"தெரியும் ஆன்ட்டி. கல்யாணமான முதல் வாரமே என் வீட்டுக்காரர் காவிக்கா சொல்லிட்டார்."

"தெரிஞ்சுமா?"

"அப்பா போனப்புறம் அம்மா சாப்பாட்டையே விட்டுட்டாங்க. நான் லாவ்லாவ் செஞ்சேன், மீன் செஞ்சேன். எல்லாமே ரெண்டு வாய்தான். ரெண்டே மாசத்துலே எடை இருபத்தஞ்சு பவுண்டு இறங்கிட்டாங்க. இப்படியே போனா ஆஸ்பத்திரியிலே சேர்த்துக் குழாய் வழியாத்தான் ஊட்டணும்னு டாக்டர் சொல்லிட்டார்."

லெஹுவா பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஒரு நாள் அவசரத்துலே, வீட்டுலே வேற ஒண்ணுமில்லாம, டப்பா அன்னாசியைக் கோழியிலே கொட்டிட்டேன். வாயிலே வெச்சதும் அவங்க முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதைப் பார்த்துட்டு முழுத் தட்டையும் சாப்பிட்டாங்க."

வராந்தாவிலிருந்து மோமியின் குரல் கேட்டது. "கிரெட்சன், சாயந்திரத்துக்கு என்னம்மா?"

"அன்னாசி போட்ட சோறும்மா," என்று குரல் கொடுத்துவிட்டு, கிரெட்சன் லெஹுவா பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள்.

"நல்லதாச் செஞ்சு போட்டா, பசியில்லைன்னு தள்ளி வெச்சுடறாங்க ஆன்ட்டி. இந்தக் கண்ராவியைச் செஞ்சு போட்டாத்தான், என் மனசு நோகக்கூடாதேன்னு தட்டைக் காலி பண்றாங்க."