ஈப்புலிக்குச் சாப்பாடு

“மாமா, போத்திலுக்குள்ள என்ன?”

“ஈ, பிள்ளை.”

“ஈயோ! உயிரோடயோ?”

“செத்த ஈயை ஆர் தின்னுவினம்?” என்றபடி அமிர்தநாயகம் மனைவி படுத்திருந்த அறைக்குள் நுழைந்தார்.

வவுனியாவிலிருந்து லீவில் வந்திருந்த மருமகள் கிறேஸுக்குத் தலை சுற்றியது. இடுப்பு முறிந்து கட்டிலோடு கிடக்கும் மாமியின் அறைக்குள் ஈயா?

அவர் யன்னலைச் சாத்திவிட்டுப் போத்தில் மூடியைத் திறந்தார். ஈக்கள் கண்ணாடியில் போய் மொய்த்தன.

யன்னல் சட்டத்தில் ஈப்புலி ஒன்று காத்திருந்தது. வலை கட்டாமல், பாய்ந்து பிடிக்கிற சின்னச் சிலந்தி. சுண்டு விரல் நகத்தளவு உடம்பு. அதில் பாதி கண்.

“சிசிலி, பார், பார்! திரும்பிட்டான். ஈ நடந்தா நடக்கிறான், நிண்டா நிக்கிறான். இப்ப பின்னால நூலை ஒட்டுறான். நங்கூரம் போடாமப் பாயமாட்டான், கெட்டிக்காரன்... பாய்ஞ்சிட்டான்!”

சிசிலியா படுத்தபடியே கை தட்டினார்.

“அமத்திப் பிடிச்சிட்டான் என்ன! நாளைக்குக் கொஞ்சம் பெரிய ஈயாப் பாத்துக் கொண்டு வாங்கோவன்.”

“அதுக்கென்ன, எங்கட அரிப்பு ஊரில இல்லாத ஈயோ?”

உண்மைதான். மீன் காயவைக்கும் அரிப்புக் கருவாட்டு வாடியில் ஈக்கு என்ன குறை? காகம்கூட அங்கே ஈயில் முட்டுப்பட்டுத்தான் விழும். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

மறுநாள் சாப்பிட்ட கையோடு அவர் போத்திலைத் தூக்கிக்கொண்டு வாடிக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் கிறேஸ் வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு அறைக்குள் வந்தாள்.

“என்ன பிள்ளை செய்யப்போறாய்?”

“இந்தச் சனியனை அடிச்சுக் கொல்லப்போறன், மாமி. வருத்தக்காரியின்ர அறைக்குள்ள ஈ விடுற மனுசனை எங்கயாவது கண்டிருக்கிறீங்களோ? சுகாதாரம் பாக்கிற பி.எச்.ஐ. கண்டா கேஸ் போடுவார். அதுக்குள்ள நீங்களும் சேர்ந்து கை தட்டுறீங்கள்!”

தும்புத்தடி உயர்ந்தது.

“ஐயோ, அடியாத!” சிசிலியா எட்டி அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தப் பூச்சியில அவ்வளவு விருப்பமோ உங்களுக்கு?”

“விருப்பமோ? எட்டுக்கால் பூச்சியைக் கண்டாலே எனக்கு உடம்பெல்லாம் கூசும்.”

“அப்ப ஏன் மாமி?”

சிசிலியா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் விழுந்த நாள் தொட்டு அந்த மனுசன் என்ர கட்டிலடியில குந்தியிருந்த இந்தக் கதிரையை விட்டு அசையேல்ல, பிள்ளை. சோறு இறங்கேல்ல, ஒருத்தரோடயும் கதை இல்ல. எனக்கு முதல் அவர் போயிடுவாரோ எண்டு பயந்திட்டன். இப்ப ஈ பிடிக்கிற சாட்டில எண்டாலும் வாடிக்குப் போய், நாலு பேரோட சிரிச்சுக் கதைச்சு, பசியோட வீட்ட வாறார்தானே!”