தலைவி வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ்

பேரூராட்சி ஆம்புலன்ஸ் இன்றைக்கும் தலைவி நாகஜோதி வீட்டு வாசலில்தான் நின்றது.

எதிரே பேண்டேஜ் துணி கம்பெனியும் குடோனும் வைத்திருக்கும் ஐயாதுரைக்குப் பொறுக்கவில்லை. சில மாதமாகவே கவனிக்கிறார். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போகிறது. நோயாளி யாரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"ஊர் வரிப்பணத்துல வாங்குன வண்டி, அம்மா வீட்டுக்குக் காவல் நிக்குது!" என்று கலெக்டருக்கு மனு எழுதிவிட்டார். தெருவில் நாற்பது பேர் கையெழுத்தும் போட்டார்கள். ஐயாதுரை நீட்டினால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

ஆனாலும் அவருக்குள் ஒரு குறுகுறுப்பு. அதென்ன, நேரம் தவறாமல் வந்து நிற்கிறது? மனுவைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவர் சமுத்திரத்திடமே போய்க் கேட்டார்.

"ஏலே சமுத்திரம், இது மேல போச்சுன்னா உன் வேலை போயிரும். உண்மையைச் சொல்லு. தெனமும் இங்க எதுக்கு வாரே? சாப்பாட்டுக்கா?"

"இல்ல அண்ணாச்சி. ரயிலுக்கு வாரேன்."

"ரயிலுக்கா?"

"நம்ம ஆபீசு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். முக்காவாசி வீடும், ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போற ரோடும் இந்தப் பக்கம். கேட்டைப் போட்டுட்டா வண்டி அங்கேயே மாட்டிக்கிடும். போன ஐப்பசில ஒரு புள்ளத்தாச்சி கால்மணி நேரம் வலியோட காத்துக் கெடந்தா. புள்ளை தங்கல. அன்னைக்குத்தான் தலைவி சொன்னாக, 'கேட்டு போடுறதுக்கு முந்தியே எங்க வாசல்ல வந்து நின்னுரு'ன்னு."

ஐயாதுரை ரயில் நேரங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மனசு கனத்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"நல்ல காரியந்தான். அதுக்கு ஒருத்தர் வீட்டு வாசலா? இந்தப் பக்கம் பேரூராட்சியே ஒரு ஷெட்டு போடலாமுல்ல? அரசாங்கம் நிதி தராதா?"

"தந்துச்சே. இடம் இல்லைன்னு திரும்பிப் போயிருச்சு."

"அதெப்படி இல்லாமப் போகும்? பேரூராட்சி இடத்தை எவன் வளைச்சு வச்சிருக்கான்? சொல்லு, அதையும் மனுவுல சேத்துருவோம்!" ஐயாதுரை பேனாவைத் திறந்தார்.

சமுத்திரம் குரலைத் தாழ்த்தினான்.

"இந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு இடம் அண்ணாச்சி. அதுலதான் உங்க குடோன் நிக்குது."