அந்தக் குரலை வெட்டு

“வெட்டு.”

“வெட்ட மாட்டேண்ணே.”

“சுகு, நான் சொல்றது காதுல விழலையா? அந்தப் பொம்பள குரல் பாட்டுல இருக்கக் கூடாது. ஒரு எழுத்துகூட.”

சுகுமாறன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். வைத்தான் என்ன, எறிந்தான்.

எதிரே நின்றவர் பாடகர் மைக்கல். சரளைக்கல்லைத் தகரத்தில் கொட்டினால் ஒரு சத்தம் வருமே, அதுதான் அவர் குரல். காஹாங் செம்பனைத் தோட்டங்களில் லோரி ஓட்டிய காலத்திலிருந்தே சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டுப் பாடுகிறவர். அந்தக் கரகரப்புக்கே ஜொகூர் முழுக்க ஆள் சேர்ந்திருந்தது. போன சனிக்கிழமை தம்போய் மண்டபத்தில் அவர் கச்சேரி. அதை அப்படியே பதிவு செய்து ஆல்பமாகப் போடுவதாகத் திட்டம். பதிவு சுகுமாறன் பொறுப்பு.

கடைசிப் பாட்டில் மைக்கலுக்கு உச்சத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் சாப்பாடு வைத்திருந்த பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் அந்த வரியைப் பிடித்தது. யாரும் கூப்பிடவில்லை. கையில் கரண்டியோடு பாடினாள். முடிந்ததும் ஜனம் எழுந்து நின்று கத்தியது. மைக்கலுக்கு அல்ல, அவளுக்கு. கைதட்டலைப் பிடிக்க வைத்திருந்த மைக்கில் அவ்வளவும் விழுந்திருந்தது.

“அவங்க பாடுனதுதாண்ணே இந்த ஆல்பத்துலயே நல்ல எடம்.”

“அதனாலதான் வெட்டச் சொல்றேன். அந்த வரிய நானே மறுபடி பாடித் தர்றேன்.”

“ஏன்?”

“ஏன்னு கேக்காத லா. என் பாட்டு. வெட்டுன்னா வெட்டு.”

“ஒங்களுக்குப் பொறாமைண்ணே.” சொல்லியே விட்டான்.

மைக்கல் கதவைத் திறந்தார். “அப்படியே வச்சுக்க. ஆனா வெட்டிரு.”

போய்விட்டார்.

சுகுமாறனுக்குப் பொறுக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போனான். அவள் பெயர் இன்பராணி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒங்க குரல வெட்டச் சொல்றாரு அந்த ஆளு.”

கத்தி நின்றது. “வெட்டிடுங்க தம்பி.”

“என்னக்கா இப்படிச் சொல்றீங்க?”

“அன்னைக்கு வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம பாடித் தொலச்சிட்டேன். அண்ணன் சொன்ன மாதிரியே செய்யுங்க. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

கத்தியைக் கீழே வைத்து அவனைக் கும்பிட்டாள்.

“யாராச்சும் மெரட்டுனாங்களா?”

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்து நறுக்கத் தொடங்கினாள்.

சுகுமாறனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் பாட்டு பூரா தோட்டத்துப் பொம்பளைகளின் கண்ணீர். ஆனால் கரண்டி பிடிக்கிற ஒருத்தி தன்னைவிட நன்றாகப் பாடிவிட்டால் ஆகாது. அவளை மிரட்டியும் வைத்திருக்கிறார். பெரிய மனுஷனாம், பெரிய மனுஷன்!

அன்றைக்கே அந்தத் துண்டை மட்டும் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டான். மேலே எழுதினான்: ‘இந்தக் குரலை அழிக்கச் சொல்கிறார் மைக்கல். நான் அழிக்க மாட்டேன்.’

பற்றிக்கொண்டது. மைக்கலைத் திட்டாத ஆள் இல்லை. கிழவன், பொறாமை பிடித்தவன், வேஷக்காரன் என்று கண்டபடி. படிக்கப் படிக்க சுகுமாறனுக்கு இனித்தது.

முகத்துக்குப் பதில் பூப்படம் வைத்திருந்த ஒருவர் மட்டும் மரியாதையாகக் கேட்டிருந்தார்: ‘மனசத் தொட்ட குரல் தம்பி. மூவார்லேருந்து எழுதுறேன். இந்தச் சகோதரி யாரு, எங்க இருக்காங்க? நேர்ல வந்து பாராட்டணும்.’

சுகுமாறன் உடனே பதில் போட்டான்: ‘இன்பராணி அக்கா. தம்போய் மண்டபத்துச் சமையல்கட்டுல இருப்பாங்க. கண்டிப்பா வாங்கண்ணே!’

அடுத்த வாரம் மைக்கல் ஸ்டூடியோவுக்கு வந்தார். கத்துவார் என்று சுகுமாறன் தயாராக இருந்தான். அவர் கத்தவில்லை. கைப்பேசியை அவன் முன் நீட்டினார்.

“இந்த மூவார்க்காரன் யாருன்னு தெரியுமா?”

“ரசிகர்ணே. அதுகூட ஒங்களுக்குப் பொறுக்கலையா?”

“அவ புருஷன்.”

சுகுமாறன் கைப்பேசியை வாங்கி அந்தப் பூப்படத்தை மறுபடி பார்த்தான்.

“அவ கைய ஒடச்சவன். ஆஸ்பத்திரியிலேருந்து நேரா என் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து ஒளிச்சு வச்சோம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. அவ குரல ஒருதடவ கேட்டா ஊருக்கே மறக்காது. அவனுக்கா மறக்கும்?”

“இப்ப… அக்கா?”

“காலைல வந்துட்டான், நீ வழி சொன்ன எடத்துக்கே. பின்வாசல் வழியா ஓடிட்டா. செருப்புகூடப் போடல.”

“எங்கண்ணே போனாங்க?”

“ஒங்கிட்ட சொல்லுவேனா?”

சுகுமாறன் அவசர அவசரமாக அந்தப் பதிவை அழித்தான். அதற்குள் ஊரெல்லாம் அதை எடுத்துப் போட்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே, கார் பட்டறையில் எவனோ அதைத்தான் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மைக்கல் கதவு வரைக்கும் போய்த் திரும்பினார்.

“நான் சொன்னத விடு. நான் பொறாமக்காரன். அவளே ஒன் மூஞ்சியப் பாத்து ‘வெட்டிடுங்க தம்பி’ன்னு சொன்னாளாமே. அவளுக்காகத்தான சண்ட போட்ட? அவ சொன்னதயாவது கேட்டியா?”