பெரிய டிரம்

கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கிய போட்டோவின் பிளாஸ்டிக் மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. செய்கு அலாவுதீன் அதை நேராக்கிவிட்டார். போட்டோவில் பேண்டு செட்டு யூனிஃபார்ம் போட்ட ஒருவர், வயிற்றில் பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு, முறுக்கு மீசையோடு நின்றார். கார்மேகத்தின் அப்பா.

"எந்திரி தம்பி. மெஸ்ல படம் போடப் போறாங்க."

"தலைவலி பாய். நான் வரல."

செய்கு அலாவுதீன் கேம்ப் சூப்பர்வைசர், கீழக்கரைக்காரர். ஷார்ஜா தொழில்பேட்டையில் அந்தக் கேம்ப்பின் இருநூறு பேருக்கும் அவர் கையெழுத்து இல்லாமல் லீவு கிடையாது. கார்மேகத்தின் லீவு ஃபாரம் இப்போது அவர் சட்டைப்பையில் இருந்தது.

அடுத்த மாதம் தங்கச்சி விஜிக்குக் கல்யாணம். ஜனவரியில் 'அப்பா சீரியஸ்' என்று எமர்ஜென்சி லீவில் போய் வந்தவனுக்கு அந்த வருஷம் மறுபடி லீவு கிடையாது என்று ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். அப்பா இல்லாத வீடு, அண்ணனும் போகாவிட்டால் மணமேடையில் யார் நிற்பது என்று பாய்தான் சண்டை போட்டு ஃபாரத்தை வாங்கி வந்திருந்தார்.

"படம் முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். சின்ன ஊரு பேண்டு செட்டு கதையாம். உனக்காகத்தான் இதைப் போடச் சொன்னேன். உங்கப்பாவுக்கு நாம செய்யுற மரியாதை, வா."

அதற்குமேல் என்ன சொல்லி மறுப்பது? கார்மேகம் எழுந்து சட்டையை மாட்டினான்.

எல்லோருக்கும் அவன் திரும்பி வந்த நாள் ஞாபகம் இருந்தது. மூன்று வருஷமாகப் பின்பாக்கெட்டில் சீப்பு இல்லாமல் சைட்டுக்குக்கூடப் போகாத ஆள், ஜனவரி லீவு முடிந்து மொட்டைத் தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தலையைப் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

மெஸ்ஸில் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். வெள்ளைச் சுவர்தான் திரை. பாய் அவனை முதல் வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். பின்னால் ரூம்மேட் அருள்ராஜ் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தான்.

"டேய் அருளு, நீ டிரெய்லர் பாத்தேல்ல? கடைசியில தொப்பியைக் கழட்டுறாங்களா?" கார்மேகம் திரும்பிக் கேட்டான்.

"படத்தையே இன்னும் போடல. இவனுக்குத் தொப்பிதான் கவலை."

படத்தில் எல்லோரும் நல்லவர்கள். இடைவேளைக்கு முன்னால் பேண்டு செட்டு இரண்டாக உடைந்தது, பின்னால் ஒன்றாகச் சேர்ந்தது. நடுவில் குடிகாரக் கிளாரினெட்காரன் திருந்தினான், கோபக்கார அத்தை எல்லோருக்கும் கறிக்குழம்பு ஊற்றினாள். ஊரில் நாலு மணி நேரம் வெயிலில் ஊதினால் ஒரு எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கிடைக்கும். படத்தில் கலெக்டரே எழுந்து நின்று கை தட்டினார்.

"மதுரைப் பக்கம் நிஜ பேண்டு செட்டு ஆளுங்களையே கூட்டி வந்து பின்னால நிக்க வச்சாங்களாம் பாய்" என்றான் அருள்ராஜ்.

"இவங்கப்பா இருந்திருந்தா அவரையும் கூப்பிட்டிருப்பாங்க." பாய் கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"ஆமா பாய்" என்றான் கார்மேகம். ஏசி ஓடியும் அவன் கழுத்து நனைந்திருந்தது. "நான் ரூமுக்குப் போறேன்."

பாய் அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். "அழுகை வந்தா அழு. இங்க யாரு உன்னைப் பாத்துச் சிரிக்கப் போறா?"

"அப்ப அந்தக் கையெழுத்தையாவது இப்பவே போட்டுருங்க பாய். அப்புறம் மறந்துருவீங்க."

"மறப்பேனா? சரி, கொடு பேனாவை." பாய் ஃபாரத்தை எடுத்து முழங்காலில் விரித்தார். அதற்குள் பின்னாலிருந்து விசில் பறந்தது. அவர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார்.

மாவட்டப் போட்டியில் முடிவு சொல்லப் போகிறார்கள். அதுவரை கதாநாயகனுக்குப் பின்னால் தூரத்தில் மங்கலாகத் தெரிந்த பேண்டு செட்டு, புருவம் வரை தொப்பியை இறக்கிவிட்டு வரிசையாக நின்றது. மைக்கில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் முப்பது பேரும் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசினார்கள்.

தொப்பிகள் மெதுவாக, மிக மெதுவாக மேலே போயின. கறுத்த தலைகளுக்கு நடுவே ஒரு மொட்டை மட்டும் வெயிலில் பளபளத்தது. அதை ஒட்டி நின்ற முறுக்கு மீசைக்காரர், வயிற்றில் கட்டியிருந்த பெரிய டிரம்மை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு அந்த மொட்டையைப் பாசமாகத் தடவிக் கொடுத்தார். கேமராவுக்கு அது ரொம்பப் பிடித்திருக்க வேண்டும். அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

அருள்ராஜ் கடலை மெல்வதை நிறுத்தினான்.

பாய் சுவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த தலையைப் பார்த்தார். பேனாவை மூடி கார்மேகத்தின் கையில் கொடுத்தார். ஃபாரத்தை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்கப்பாதான் இருக்காரே தம்பி. கல்யாணத்தை அவரே நின்னு நடத்தட்டும்."