மூன்றாம் வரிசையில் அம்மா

திரைப்பட விழாவின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நண்பன் வேற்று மொழியில் எடுத்த நகைச்சுவைப் படத்துக்குத் தமிழ் வசனங்களை ஒவ்வொன்றாகப் பொத்தானை அமுக்கித் திரையில் ஓட்டுகிறேன். வசனங்களை அவன் படம் தொடங்கும்போதுதான் கொடுத்தான். திரையில், தகப்பன் சாகும்போது பக்கத்தில் இல்லாத மகன் தாய்முன் நிற்கிறான். அடுத்த வரி என் கணினியில் காத்திருக்கிறது: "டாக்டரைத் தேடிப் போகலம்மா, சினிமாவுக்குப் போயிருந்தேன்." அழுதுகொண்டே, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த நண்பன் ஒருவனிடம் மட்டும் நான் சொன்னது. டாக்டர் கதையை இன்றும் நம்பும் அம்மா, மகன் வேலை பார்க்கும் அழகைக் காண வந்தவள், மூன்றாம் வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறாள். "அமுக்குடா மாப்ள, சிரிப்பு போயிடும்" என்று நண்பன் தோளை இடிக்கிறான். அப்பா விஷயத்தில்தான் நேரம் தவறினேன். தொழிலில் நான் கறார். அமுக்குகிறேன். அரங்கம் குலுங்கிச் சிரிக்கிறது. ஒரு தலை மட்டும் மெதுவாகப் பின்னால் திரும்புகிறது.