சூளைத் தொண்டை

பழமலைநாதர் கோயில் வாசலில் ஹாரன் அலற, ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது.

“அக்கா, ரீயூனியன் தீவு ஆளுங்களாம்! ஒங்க சிஷ்யப் புள்ளைங்களான்னு பாரு!” என்று கத்தினான் பழமலை.

தங்கம்மாளும் கணவர் கோவிந்தராசுவும் ஓடிவந்து பார்த்தார்கள். பீங்கான் சூளை வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றதும், இருவரும் அந்தத் தீவுக் கோயிலில் தங்கி, தமிழ் வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பதிகம் சொல்லித் தந்துவிட்டு வந்தவர்கள். இறங்கிய இளைஞர்களில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

“நம்ம புள்ளைங்க இல்லீங்க,” தங்கம்மாளின் குரல் தளர்ந்தது. “அதுங்க மத்தவங்களுக்குச் சொல்லித் தரும்னு நம்பித்தானே வந்தோம்.”

“தமிழே தெரியாதவங்களுக்கு எப்பிடி மாமா சொல்லிக் குடுத்தீங்க?” என்று சிரித்தான் பழமலை.

“என் வாயிலேருந்து வர்றத ஒண்ணு விடாம திருப்பிச் சொல்லச் சொன்னேன், மாப்ள. அப்பிடியே சொன்னாங்க.”

“சூளைச் சூட்டுல காஞ்ச தொண்டை! ரெண்டு அடி பாடறதுக்குள்ள ஒங்களுக்கே வறண்டுபோவும். அவங்க இந்நேரம் மறந்திருப்பாங்க.”

கோவிந்தராசு தலைகுனிந்தார்.

சன்னதியில் இளைஞர்கள் பாடத் தொடங்கினார்கள். அதே பதிகம், ஓர் எழுத்தும் பிசகவில்லை. கோவிந்தராசு நிமிர்ந்தார்.

“கேசட்டுல கேட்டுக் கத்துக்கிட்டிருப்பாங்க மாமா,” என்றான் பழமலை.

இரண்டாவது அடி முடிந்தது. கூப்பிய கையும் மூடிய கண்ணுமாக, அத்தனை பேரும் அதே ராகத்தில் தொடர்ந்தார்கள்:

“தங்கம்... கொஞ்சம் தண்ணி குடு!”