ஆறடிக்கு வைத்த சீட்

அடுத்த வாரம் புது மாடல் வரப்போகிறது என்றால், இந்த வாரம் போய்ப் பழைய மாடல் காரை வாங்குவீர்களா? அதுவும் ஒரு வீட்டை விற்றுத்தான் வாங்க முடியும் என்கிற ஸ்போர்ட்ஸ் காரை?

என் நாலு வயசு வாண்டுகூட, புது பொம்மைக் கார் வருது என்று சொன்னால் பழசை ஏறெடுத்துப் பார்க்க மாட்டான்.

அதனால்தான் எங்கள் ஷோரூம் சேல்ஸ்மேன் எங்கள் எல்லார் வாய்க்கும் பூட்டுப் போட்டிருந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சர்க்கரை. பேச்சு அப்படி.

"புது மாடல்னு ஒருத்தர் மூச்சு விடக் கூடாது. பழசுல ஊருக்கே இது ஒண்ணுதான் பாக்கி. போய்த் தொலைஞ்சா நிம்மதி."

அன்றைக்கே அந்த அம்மா வந்தார். அறுபது வயசிருக்கும். என் தோள் உயரம்தான். கலர் கேட்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை.

"இதுதானே கடைசி வண்டி? எனக்கு வேணும்."

சர்க்கரை எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

டெலிவரி படிவம் எழுதுவது என் வேலை. ஓட்டுகிறவர் உயரம் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அதற்குத் தக்கபடி சீட்டை வைத்துக் கொடுப்போம்.

"யாரும்மா ஓட்டப் போறது? பையனா?"

"அவன் முன்னாடியே போயிட்டான்மா."

வீட்டுக்குத்தான் போயிருப்பார், அவசரக்காரப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

"அவர் எவ்வளவு உயரம்?"

அந்த அம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த டெலிவரி டிரைவர் மேல் பார்வை நின்றது. நின்றது என்றால், நகரவே இல்லை.

"இவர் உயரம்தான்."

டிரைவர் என் வீட்டுக்காரர். கட்டத்தில் 'ஆறடி' என்று எழுதினேன். மனுஷருக்குப் பெருமை பிடிபடவில்லை. சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி வைத்தார்.

"கொஞ்சம் தனியா பாக்கணும்" என்றார் அந்த அம்மா.

பார்த்த விதம்தான் விநோதம். சீட்டில் உட்காரவில்லை. கதவைத் திறந்து, தரையில் மண்டியிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையையும் ஒரு கையையும் நுழைத்துக்கொண்டார். உள்ளே இருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"நட்டு கழண்ட கேஸ் போல" என்று சர்க்கரை என் காதில் கிசுகிசுத்தார். "நமக்கென்ன, கையெழுத்துப் போட்டா சரி."

"பதினேழு... பதினெட்டு."

அதோடு நின்றுவிட்டது. நான் பக்கத்தில் போனபோது எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கைக்குட்டையால் அந்தக் காலி சீட்டைத் துடைத்தார். கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு, சீட்டைப் பார்த்துச் சொன்னார்:

"இறங்கிடு கண்ணா. அம்மா வந்துட்டேன்ல."

ஒரு ஆள் இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் நின்றார். அப்புறம் கதவைச் சாத்தினார்.

எனக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றுவிட்டது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. புத்தி கலங்கிய மனுஷியை ஏமாற்றிச் சம்பாதித்தால் என் பிள்ளைக்கு அந்தச் சோறு ஒட்டுமா? தண்ணீர் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போனேன்.

"அம்மா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அடுத்த வாரம் புது மாடல் வருது. ஒரு வாரம் பொறுங்க."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"அதான் ஓடி வந்தேன். புதுசு வந்தா இதைப் பாதி விலைக்குத் தள்ளிடுவாங்க. எவனாவது சின்னப் பையன் ஆசைப்பட்டு வாங்கிடுவான்."

"வாங்கட்டுமே, அதுல என்னம்மா?"

அவர் கையெழுத்துப் போடப் போய்விட்டார். வாசலில் லாரி ஹாரன் கேட்டது. அந்த அம்மாவே வரவழைத்த லாரி. காரை ஓட்டிப் போகக் கூடாதாம், கயிறு கட்டி இழுத்துத்தான் லாரியில் ஏற்ற வேண்டுமாம். புத்தம் புது வண்டிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

என் வீட்டுக்காரர் ஆறு மாசமாக அந்தக் காரைத் துடைத்தாரே தவிர, ஒரு அடி ஓட்டியதில்லை.

"லாரி வரைக்குமாவது நான் ஓட்டறேனே" என்று ஏறி உட்கார்ந்தார். சீட் அவருக்கென்றே தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. என்ஜின் உறுமியது.

"முழுசா ஒரு மிதி மிதிங்க, சத்தம் கேப்போம்!" என்று சர்க்கரை கத்தினார். நானும் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினேன்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா பேனாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது. கார் கதவைப் பிடுங்கித் திறந்து, சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினார்.

"ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா சில நேரம் திரும்ப எழும்பாதுப்பா. இப்பகூட கையால அமுக்கிப் பாத்தேன், பதினெட்டாவது தடவை அப்படியே கிடந்துது. இதே மாடல்ல போய்ச் செத்த என் பையனுக்கு எத்தனையாவது தடவையோ. கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். வண்டில குறையே இல்லை, உங்க பையன் வேகமா போயிட்டான்னு பதில் போட்டாங்க. புது மாடல்ல மட்டும் சத்தமில்லாம மாத்திட்டாங்க."

சர்க்கரையின் சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது. என் கையும் தட்டிய நிலையிலேயே நின்றது.

அந்த அம்மா கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"இதுல இன்னொருத்தன் உக்காரக் கூடாதுன்னுதான்யா வாங்கினேன். நீயும் அவன் உயரம்தான். இறங்கிடு கண்ணா."